இனம் கேட்கிறது அரசு. உழைப்புக் கேட்கிறது நாய்

புது தில்லி: மனித உயிருக்கு ஆபத்தானவை என்று கூறி, 23 வகை நாய்களை விற்கவோ வளர்க்கவோ உரிமம் வழங்கக் கூடாது என்று மாநிலத் தலைமைச் செயலர்களுக்கு 2024 மார்ச் 12-ம் தேதி மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வெய்லர் என்று நீண்ட அந்தப் பட்டியலைப் படித்த தலைநகரவாசிகள் பலரைக் கலங்க வைத்தவை அதிலிருந்த இனப் பெயர்கள் அல்ல. இவற்றின் கலப்பினங்களுக்கும் தடை பொருந்தும் என்று சேர்க்கப்பட்டிருந்த வரிதான்.

ராட்வெய்லரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம். தாய் லாப்ரடார் என்பது மட்டும் தெரிந்து, தந்தை யாரென்று தெரியாத நாயை எந்த வகையில் சேர்ப்பது? ஒரு காது நிமிர்ந்தும் மறு காது மடிந்தும், முதுகில் கருமை படர்ந்தும், ஆள் உயரத்துக்கு எம்பிக் குதித்தும் நிற்கும் ஒரு நாயின் பூர்வீகத்தை மாநகராட்சி ஆய்வாளரா தீர்மானிப்பார்? ஏற்கெனவே வளர்க்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் கடிதம் கூறியதால், இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. வீட்டு வாசல் வரை வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 10-ம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றமும், 16-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றமும் சுற்றறிக்கையை ரத்து செய்தன. சம்பந்தப்பட்டோரின் கருத்தைக் கேட்காமல் இத்தகைய தடையைப் பிறப்பித்ததை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆட்சேபங்களைக் கேட்டு முடிவெடுக்க அரசுக்கு வழி விடப்பட்டது.

தடைக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2022 ஜூலையில் லக்னௌவில் 82 வயது மூதாட்டி ஒருவர் தமது வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் நாயால் கடிபட்டு உயிரிழந்தார். அதே ஆண்டில் காசியாபாத் மாநகராட்சி மூன்று இனங்களை வளர்க்கத் தடை விதித்தது; நொய்டா ஆணையம் செல்லப் பிராணிகளைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி, நாய் யாரையேனும் காயப்படுத்தினால் உரிமையாளருக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2024-ல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிச் சம்பவங்கள் பதிவாயின என்று 2025 ஜூலையில் மக்களவையில் அரசு தெரிவித்த தகவலை அறிந்த எவருக்கும், இது நாய்ப் பிரியர்களின் தனிப்பட்ட விவகாரம் என்று தோன்றாது.

ஆயினும் பட்டியல் போடுவதால் பாதுகாப்பு வந்துவிடுமா என்பதே கேள்வி. அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-ல் "சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே கருதத்தக்கது. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குணநலன்களை உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்தார்கள். கலப்பின நாய்களும் இதில் அடக்கம். நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனத்தைக் கொண்டு விளக்கக் கூடியது சுமார் 9 சதவீதம் மட்டுமே என்பது அவர்கள் கண்ட முடிவு. ஓர் இனம் சராசரியாக எப்படி இருக்கும் என்பது வேறு. உங்கள் வீட்டு நாய் எப்படி இருக்கும் என்பது வேறு. உருவமும் தாடை வலிமையும் மட்டும் பொய் சொல்வதில்லை. சிறிய நாய் கடித்தால் தையல் போடலாம். 35 கிலோ நாய் கடித்தால் பல நேரங்களில் அது போதாது.

50 ரூபாய் சட்டம்: இனத்தைக் கேட்காமல் வளர்ப்பைக் கேட்ட சட்டம் ஒன்று இந்நாட்டில் 1960 முதலே உள்ளது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் கொண்டு வந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்து. அரசே சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதி அளித்ததையடுத்து அவர் தமது மசோதாவைத் திரும்பப் பெற்றார். அவ்வாறு வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், எப்போதும் சங்கிலியில் கட்டி வைக்கப்படும் அல்லது அடைத்து வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவது குற்றம் என்று தனி உட்பிரிவே உண்டு. பிராணியைக் கைவிடுவதும் அதே பிரிவின் கீழ் குற்றம்.

முதல் முறை குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்று தில்லியில் அத்தொகைக்கு நாய் பிஸ்கெட் பொட்டலம் கூடக் கிடைக்காது. தண்டனையைக் கடுமையாக்கும் திருத்த வரைவு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அதன் பிறகு ஒரு மக்களவைத் தேர்தலும் வந்து போனது. நாயால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறும் உரிமையாளருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 291-வது பிரிவு 6 மாதம் வரை சிறையோ, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. கடித்த பின்பு என்ன செய்வது என்பதில் சட்டத்துக்கு அக்கறை இருக்கிறது. கடிக்காமல் வளர்ப்பது பற்றிச் சொன்ன உட்பிரிவை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஒன்றும் செய்யாதா?: எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக வளரும் பீமன், மேலே சொன்ன "தந்தை பெயர் தெரியாத' வகையைச் சேர்ந்தவன். (வீட்டில் யாரும் அவனை "அது' என்று சொல்வதில்லை.) கிழக்கு தில்லியில் மூன்றாவது மாடிக் குடியிருப்பு. குட்டியாக வந்தபோது காய்கறிப் பைக்குள் அடங்கினான். பத்தாவது மாதம் 34 கிலோ. வீட்டில் உள்ள பெரியவர்கள் இருவரால் சேர்ந்து பிடித்தாலும் நிறுத்த முடியாத விசை. ஓடாத நாட்களில் செருப்பு, சோபா மெத்தை, ஒரு முறை மாநிலங்களவையின் வினா-விடைத் தொகுப்பு என்று கைக்கு, அதாவது வாய்க்கு, அகப்பட்டதெல்லாம் கிழிந்தது.

இந்தப் பருவம்தான் பெரிய நாய்களின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. ஆறாவது மாதம் முதல் ஏறத்தாழ இரண்டு வயது வரை உடல் முதிர்ந்த நாயாகவும் உள்ளம் விடலையாகவும் இருக்கும். கற்ற பாடத்தை மறந்தது போலத் திரியும். குட்டியாக இருந்தபோது அள்ளி எடுத்துக் கொஞ்சியவர்கள் இப்போது பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டுகிறார்கள். கட்டிப் போட்டால் குரைப்பு கூடுகிறது. அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள். போவோர் வருவோர் மீதெல்லாம் நாய்க்கு எரிச்சல் வளர்கிறது. பிறகு ஒரு நாள் காரில் ஏற்றிச் சென்று யமுனைக் கரையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ இறக்கி விடுகிறார்கள். தில்லியின் விலங்குக் காப்பகங்களில் கழுத்துப்பட்டைத் தழும்போடு நிற்கும் பெரிய நாய்களில் பல இப்படி வந்தவையே.

பயிற்சி என்றவுடன் "கை கொடு', "உருண்டு காட்டு' போன்ற வித்தைகளே பலர் நினைவுக்கு வருகின்றன. பெரிய நாய்க்கு அவை தேவையில்லை. கயிற்றை இழுக்காமல் நடப்பது, ஆள் மேல் பாயாமல் இருப்பது, கூப்பிட்டால் திரும்பி வருவது, லிஃப்டில் ஒரு மூலையில் அமர்வது ஆகிய நான்கும் போதும். இந்த நான்குக்கே எங்களுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

கயிறு இறுகினால் எதிர்த் திசையில் இழுப்பது நாயின் இயல்பு. நாமும் இழுத்தால் அது கயிறு இழுக்கும் போட்டியாகிவிடும். அதில் நாயே வெல்லும். எனவே இழுத்த கணமே மரம் போல் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்ததும் நடக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் எங்கள் தெருமுனைப் பால் கடைக்குப் போய் வர முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு நிமிட நடை அது. பால்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார். கழுத்தில் பூட்டும் பட்டைக்குப் பதிலாக, மார்புப் பக்கம் வளையம் வைத்த உடல்வாரைப் பூட்டினால் நாய் இழுக்கும்போது அதன் உடல் தானாகவே நம் பக்கம் திரும்பும், தொண்டையும் நெரிபடாது.

முள் வைத்த சங்கிலியைப் போட்டால் ஒரே வாரத்தில் அடங்கும் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் தில்லியில் உண்டு. யார் வேண்டுமானாலும் பயிற்சியாளர் என்று பெயர்ப் பலகை மாட்டிக் கொள்ள முடிகிற ஊர் இது. எதிரில் ஒரு குழந்தை வரும்போது நாய் முன்னே பாய்கிறது, முள் குத்துகிறது என்று வையுங்கள். வலிக்குக் காரணம் சங்கிலி என்று நாய் அறியாது. குழந்தையைக் கண்டால் வலி வரும் என்றே அதன் மனதில் பதியும். அடங்கியது போல் தெரியும் நாய் ஆறு மாதம் கழித்து எச்சரிக்கை இன்றிக் கடிப்பதற்கு இது ஒரு காரணம். நாயை ஒரு மாதம் தம்மிடம் விட்டுவிடச் சொல்பவர்களையும் தவிர்ப்பது நல்லது. அங்கே அது அவர் பேச்சைக் கேட்கப் பழகும். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். மத்தியப் பிரதேசத்தின் தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் தேசிய நாய்ப் பயிற்சி மையத்தில்கூட நாயும் அதைக் கையாளும் வீரரும் சேர்ந்தேதான் பயிற்சி பெறுகின்றனர்.

நாடாளுமன்ற வளாகத்தில் வாகனங்களை மோப்பம் பிடிக்கும் நாய்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். வேலை முடிந்த அந்தக் கணத்திலேயே வீரர் அதைத் தட்டிக் கொடுத்துவிடுகிறார். பாராட்டோ பண்டமோ ஒன்றிரண்டு நொடிகளுக்குள் கிடைத்தால்தான் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்கும். சுண்டுவிரல் நக அளவு வேகவைத்த கோழித் துண்டு அல்லது பனீர் போதும். ஒரு நேரத்தில் ஐந்து நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை. அதற்கு மேல் நாயும் சலிக்கும், நாமும் சலிப்போம்.

கட்டளையை ஒரு முறைதான் சொல்ல வேண்டும் என்பது மற்றொரு விதி. பத்து முறை சொன்னால் பதினோராவது முறைதான் உட்கார வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். "அமருங்கள், அமருங்கள்' என்று அவைத் தலைவர்கள் நாள் முழுக்க வேண்டுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் மொழிப் பிரச்னையும் எழுந்தது. நாங்கள் "உட்கார்' என்றோம், வேலைக்கு வரும் பெண்மணி இந்தியில் "பைட்டோ' என்றார், பயிற்சியாளர் ஆங்கிலத்தில் "சிட்' என்றார். மும்மொழித் திட்டத்தில் பீமன் திகைத்துப் போனான். வீட்டில் உள்ள அனைவரும் கூடிப் பேசி, குட்டிக்கு எளிதாகக் கேட்கும் ஓரசைச் சொல் என்பதால் "சிட்' என்பதை ஏற்றோம். தமிழ் தோற்றதே என்று என் தந்தைக்கு வருத்தம். "வா' என்ற கட்டளையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பாய்ந்து வரவேற்கும் பழக்கம்தான் மாற்றக் கடினமானது. "ஒன்றும் செய்யாது, வாருங்கள்' என்று நாய் வளர்ப்போர் எல்லோரும் சொல்கிறோம். இதைவிடப் பயனற்ற வாக்கியம் வேறில்லை. 35 கிலோ நாய் அன்பு மிகுதியால் மேலே விழுந்தாலும் 70 வயதுக்காரரின் இடுப்பு எலும்பு முறியத்தான் செய்யும். நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டுமே பேச்சும் தடவலும். எம்பினால் முகத்தைத் திருப்பிக் கொள்வது என்பதை வீட்டார், விருந்தினர், தபால்காரர் உள்பட அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் கொஞ்சினாலும் போச்சு.

குட்டியின் மூன்றாவது வாரம் முதல் மூன்று, மூன்றரை மாதம் வரை பார்த்துப் பழகியவற்றைக் கண்டு நாய் பிற்காலத்தில் மிரளாது. தடுப்பூசிகள் முடியும் வரை தரையில் விட்டால் பார்வோ நோய் தொற்றும் அபாயம் உண்டு என்பதால், கையில் தூக்கிக் கொண்டே காய்கறி வண்டி, ஆட்டோ ஹாரன், தலைக்கவசம் அணிந்த ஆள், திருமண ஊர்வலத்தின் பேண்டு வாத்தியம் எல்லாவற்றையும் தூரத்தில் இருந்து காட்டினோம். தீபாவளிப் பட்டாசுக்கு மட்டும் இன்றும் குளியலறைதான் அவனுக்குப் புகலிடம்.

ஓட இடம் எங்கே?: பெரிய நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேர நடையாவது வேண்டும். கோடையில் தில்லியின் தார்ச்சாலை காலை 8 மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். புறங்கையை ஏழு நொடி சாலையில் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஆகவே மே, ஜூனில் அதிகாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்குப் பிறகும்தான் நடை. மழைக்காலக் கூட்டத்தொடரில் அவை நள்ளிரவு வரை நீண்டால் வீட்டில் வேறொருவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். நவம்பரில் புகைமூட்டம். பூங்காக்களில் பலவற்றில் நாய்களுக்கு அனுமதி இல்லை. ஐதராபாத் மாநகராட்சி 2018-லேயே நாய்களுக்கென்று தனிப் பூங்கா திறந்தது நினைவுக்கு வருகிறது. தில்லியிலோ 2022-ல், நாயோடு நடப்பதற்காகத் தியாகராஜ் விளையாட்டு அரங்கில் இருந்து வீரர்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டதாகப் புகார் எழுந்து, மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் லடாக்குக்கு மாற்றப்பட்டார். இடப் பற்றாக்குறை அதிகார வர்க்கத்தையும் விடவில்லை போலும்.

ஓட்டத்தை ஈடு செய்ய மூக்குக்கு வேலை தருவது நல்ல உபாயம். உணவைத் தட்டில் கொட்டாமல் பழைய துண்டில் சுருட்டியோ அறை மூலைகளில் ஒளித்தோ வைத்தால், தேடிக் கண்டுபிடிக்கும் அரை மணி நேரம் நாயை நன்றாகக் களைப்படையச் செய்கிறது. மழை நாட்களில் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது இதுதான். பெருத்த நெஞ்சுக்கூடு கொண்ட நாய்களுக்கு உண்டவுடன் ஓடினால் இரைப்பை முறுக்கிக் கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், உணவுக்கும் நடைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட மருத்துவர்கள் சொல்கிறார்கள். வளரும் வயதில் மாடிப்படியில் ஓட விடுவதும் மூட்டுக்கு நல்லதல்ல.

குடியிருப்போர் நலச் சங்கங்கள் செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்கவோ லிஃப்டை மறுக்கவோ கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுள்ளது. நீண்ட காலம் சென்னையில் இயங்கிப் பின்னர் ஹரியாணாவுக்கு இடம் மாறிய வாரியம் இது. நெறிமுறையைக் காட்டி வாதாடுவதைவிட, அஞ்சுவோர் லிஃப்டில் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருப்பது எளிது. எங்கள் கட்டடத்தில் நாயைக் கண்டால் நடுங்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் இறங்கும் வரை பீமன் உட்கார்ந்திருப்பான். அவர் இன்னமும் அவனை விரும்பவில்லை. ஆனால் புகார் தருவதை நிறுத்திவிட்டார்.

தெருவில் இருந்து வீட்டுக்கு: தலைநகர்ப் பகுதியின் தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. விருப்பமுள்ளோர் தெரு நாய்களைத் தத்தெடுக்கலாம், ஆனால் அவை மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி காங்கிரஸ் உறுப்பினர் ரேணுகா சௌத்ரி, மீட்கப்பட்ட நாய் ஒன்றைக் காரில் நாடாளுமன்ற வளாகத்துக்குக் கொண்டு வந்ததில் எழுந்த சர்ச்சை ஓரிரு நாள் செய்தியானது. தத்தெடுத்த பின் முதல் ஆறு மாதத்தை எப்படிக் கடப்பது என்பது பற்றி இரு தரப்பும் பேசவில்லை.

வளர்ந்த தெரு நாய் சுதந்திரமாக மைல் கணக்கில் சுற்றிப் பழகியது. கதவு மூடிய அறை அதற்குச் சிறை. முதல் சில நாள் தடவ முயலாமல், உணவும் தண்ணீரும் வைத்து ஒதுங்கி இருப்பது நலம். மூன்று மாதம் ஆகியும் மிரட்சி நீங்காவிட்டால் மனம் தளரத் தேவையில்லை. சிலவற்றுக்கு ஓராண்டு ஆகும்.

தில்லி, மாறுதலாகி வருவோரும் போவோருமாகிய ஊர். நாய்கள் கைவிடப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இடமாற்றமும் ஒன்று. சென்னைக்கு மாற்றலாகிச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்வி, 35 கிலோ நாயை எப்படிக் கொண்டு போவது என்பது. ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. பெட்டியில் இருவர் அல்லது நால்வருக்கான அறை முழுவதையும் பதிவு செய்தால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளில் அனுமதி இல்லை. மற்றபடி கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டுதான். பெரிய நாய் அதில் நிமிர்ந்து நிற்பது சிரமம். தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும் பயணத்தில், போபால், நாகபுரி, விஜயவாடா போன்ற பெரிய நிலையங்களில் ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் இறக்கி ஏற்ற வேண்டும். கூட்ட நெரிசலில் கயிற்றை இழுக்காமல் நடக்கவும், கூப்பிட்டவுடன் திரும்பி வரவும் பழகிய நாய்க்கு அந்த நிமிடங்கள் போதும்.